பாஸ்க் நாட்டுக்கு ஆய்வு செய்ய வரும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்பெயினின் வடக்கிலும் எல்லைக்கு அப்பால் பிரான்சிலுமாகப் பரவியிருக்கும் பாஸ்க் நாட்டில், பில்பாவோ, லெயோவா, தொனோஸ்தியா (சான் செபாஸ்தியான்), கஸ்தெய்ஸ் (வித்தோரியா) ஆகிய ஊர்களின் ஆய்வுக்கூடங்களுக்கு முனைவர் பட்டத்துக்காகவும் அதற்குப் பிந்தைய ஆய்வுக்காகவும் வந்திருக்கிற, இனி வரப்போகிற தமிழ் நண்பர்களுக்கு வணக்கம்.

வந்து இறங்கியதும் உங்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளுக்குக் குறைவிருக்காது. வாடகை ஒப்பந்தம், வெளிநாட்டவர் அடையாள அட்டை, துவரம்பருப்பு கிடைக்கும் கடை என்று எல்லாவற்றையும் முன்னால் வந்தவர்கள் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். மொழியைப் பற்றிக் கேட்டால் மட்டும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ஆய்வுக்கூடத்துக்கு ஆங்கிலம் போதும், கடைத்தெருவுக்குக் கொஞ்சம் ஸ்பானியம் கற்றுக்கொள், பாஸ்க் நமக்குத் தேவைப்படாது. இந்த மடல் அந்தக் கடைசிப் பகுதியைப் பற்றியது. பாஸ்க் இல்லாமல் நம்மால் இங்கே பிழைத்துக்கொள்ள முடியும் என்பது உண்மைதான். ஆனால் நம்முடைய வருகையால் பாஸ்க் மொழிக்கு என்ன நேர்கிறது என்பதை யாரும் நம்மிடம் சொல்வதில்லை. பள்ளியில் நுழைந்து, பட்ட வகுப்பு வரை ஏறிவந்த அந்த மொழி, ஆய்வின் வாசலில் வந்து நின்றுவிடுகிறது. அது நிற்கும் அந்த வாசற்படியில், விரும்பியோ விரும்பாமலோ, நாமும் உட்கார்ந்திருக்கிறோம்.

அது எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆய்வுக்குழுவின் வாராந்தரக் கூட்டம். ஏழு பேரில் ஆறு பேர் இந்த மண்ணில் பிறந்து, மழலையர் வகுப்பு முதல் பட்டம் வரை பாஸ்கில் படித்தவர்கள். ஒரு மாணவி வெண்பலகையில் வரைபடம் ஒன்றைப் போட்டு, போன வாரத்து அளவீட்டில் இரைச்சல் ஏன் கூடியது என்று பாஸ்கில் விளக்கிக்கொண்டிருக்கிறார். அச்சுகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, பேச்சு பாஸ்கில் ஓடுகிறது. ஏழாவது ஆளாக நம்மவர் ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வருகிறார். மாணவி தொடங்கிய வாக்கியத்தைக்கூட முடிக்காமல் மீதியை ஆங்கிலத்தில் சொல்கிறார். யாரும் அவரை அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை, யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. அடுத்த வாரம் முதல் கூட்டம் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் நடக்கிறது. நம்மவர் விடுப்பில் இருக்கும் வாரத்திலும் அப்படியே நடக்கிறது, ஏனென்றால் ஸ்லைடுகள் எல்லாம் ஆங்கிலத்தில் தயாராகிவிட்டன. ஓராண்டு போனபின் அந்த மாணவிக்கே தன் ஆய்வைப் பாஸ்கில் சொல்லத் தடுமாற்றம் வந்துவிடுகிறது.

இதை அவர்களுடைய மரியாதை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் பாஸ்க் மட்டுமே தெரிந்த மனிதர் என்று இன்று அநேகமாக எவரும் இல்லை. பாஸ்க் பேசுகிற அநேகமாக எல்லாருக்கும் ஸ்பானியமோ பிரெஞ்சோ நன்றாகத் தெரியும், படித்தவர்கள் பலருக்கு ஆங்கிலமும் தெரியும். ஆகவே கலந்த கூட்டத்தில் யார் யாருக்கு இறங்கிவர வேண்டும் என்ற கேள்வியே எழுவதில்லை. ஒவ்வொரு முறையும் இறங்கி வருவது பாஸ்க்தான். பாஸ்க் தன்னாட்சிப் பகுதியில் (பாஸ்க் நாட்டின் ஸ்பெயின் பக்கத்து மூன்று மாகாணங்களில்) 16 வயதைக் கடந்தவர்களுள் 1991இல் ஏறத்தாழ 24 விழுக்காட்டினருக்குப் பாஸ்க் பேசத் தெரிந்திருந்தது. 2021இல் அது 36 விழுக்காடாக உயர்ந்தது. 16 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களை மட்டும் பார்த்தால், 1991இல் நால்வரில் ஒருவருக்குத் தெரிந்திருந்த மொழி 2021இல் நால்வரில் மூவருக்குத் தெரிந்திருந்தது. உலகில் வேறெந்தச் சிறிய மொழிக்கும் எளிதில் வாய்க்காத வெற்றி இது. ஆனாலும், பாஸ்க் நாடு முழுவதிலும் தெருவில் காதில் விழும் பேச்சைக் கணக்கெடுக்கிறவர்கள், அதில் எட்டில் ஒரு பங்குதான் பாஸ்க் என்கிறார்கள். மொழியைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள், அதைப் பேசுவதற்குரிய அறைகளைத்தான் இன்னும் போதுமான அளவு திறக்க முடியவில்லை. பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு அப்படிப்பட்ட அறைகளில் ஒன்று.

அந்த அறை வரை இந்த மொழி எப்படி வந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1936இல், ஸ்பானிய உள்நாட்டுப் போரின் நடுவே, முதல் பாஸ்க் அரசு பில்பாவோவில் ஒரு பல்கலைக்கழகத்தை மருத்துவத் துறையோடு தொடங்கியது. 1937 ஜூனில் நகரம், பின்னர் ஸ்பெயினின் சர்வாதிகாரியாக நீடித்த ஃப்ராங்கோவின் படையிடம் விழுந்ததும் அதுவும் மூடப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்குப் பொதுவெளியில் பாஸ்க் பேசுவதே சந்தேகத்துக்குரிய செயலாக இருந்தது. 1968இல் ஃப்ராங்கோவின் ஆட்சியிலேயே பில்பாவோ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதில் பாஸ்குக்கு இடமில்லை. அதே 1968இல், மலைமேலிருக்கும் அரான்ட்சாசு மடத்தில் பாஸ்க் மொழிக் கழகம் கூடி, ஊருக்கொரு விதமாக எழுதப்பட்டுவந்த மொழிக்கு ஒரு பொது எழுத்து வழக்கை வகுக்கத் தொடங்கியது. அதற்கு அடிப்படையான அறிக்கையை எழுதியவர் மொழியியலாளர் கொல்தோ மிட்ச்செலேனா. பொது வழக்கு இல்லாத மொழியில் பாடநூல் எழுத முடியாது என்பதை அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் உணர்ந்திருந்தார்கள். எழுத்துக்கூட்டல் பற்றி அங்கே மூண்ட சச்சரவுகள் பின்னும் நெடுங்காலம் ஓயவில்லை. எழுத்துச் சீர்திருத்தம் என்றால் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டாகும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த பத்தாண்டுதான் இந்தக் கதையின் உயிர்நிலை என்பது என் எண்ணம். 1972இல் இளம் பொறியாளர்கள் சிலர் எல்ஹுயார் என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1783இல் பெர்காரா என்னும் ஊரில் டங்ஸ்டனைப் பிரித்தெடுத்த இரு சகோதரர்களின் பெயர் அது. அறிவியலைப் பாஸ்கில் எழுதிக்காட்டுவதே அவர்களுடைய வேலைத்திட்டம். 1973இல், ஸ்பானிய மண்ணில் அதற்கு வாய்ப்பில்லாததால், எல்லைக்கு அப்பால் பிரான்சுக்குள் இருக்கும் தொனிபானே லோயிசுனே என்ற கடற்கரை ஊரில் பாஸ்க் கோடைப் பல்கலைக்கழகம் முதன்முறையாகக் கூடியது. பட்டம் கிடையாது, அரசின் ஏற்பு கிடையாது. ஆண்டு முழுவதும் ஸ்பானியத்திலோ பிரெஞ்சிலோ பாடம் நடத்தியவர்களும் படித்தவர்களும் கோடை விடுமுறையில் ஒன்றுகூடி, தங்கள் தங்கள் துறையைத் தாய்மொழியில் சொல்ல முடியுமா என்று முயன்று பார்த்தார்கள். கலைச்சொல் இல்லாத இடத்தில் நின்று விவாதித்தார்கள். விவாதித்ததைக் குறிப்புகளாக எழுதிவைத்தார்கள். ஃப்ராங்கோ 1975இல் இறந்தபின், 1977இல் அந்தக் கூடுகை பாம்ப்லோனாவுக்கு இடம் மாறியது. அதே ஆண்டு கலைச்சொல் அகராதிகளுக்காகவே உசெயி என்ற நிறுவனம் உருவானது. அரசு ஆணையிட்டு மொழி பல்கலைக்கழகத்துக்குள் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆணை வருவதற்கு முன்பே பாடக்குறிப்புகள் கையில் இருந்தன.

பிறகு சட்டங்கள் வந்தன. 1979ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சாசனம் பாஸ்கை ஸ்பானியத்தோடு ஆட்சிமொழி ஆக்கியது. 1980இல் பில்பாவோ பல்கலைக்கழகம் பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகம் ஆனது. 1982இல் மொழிச் சட்டம், 1983இல் பள்ளிகளுக்கான பயிற்றுமொழி ஆணை. முழுக்கப் பாஸ்கில் படிக்கும் பள்ளி வகையைத் தேர்ந்த பிள்ளைகள் வளர்ந்து வளர்ந்து, ஒரு கட்டத்தில் பல்கலைக்கழகக் கதவைத் தட்டியபோது, எங்களுக்கு இயற்பியலையும் பொருளியலையும் பாஸ்கில் கற்றுத் தாருங்கள் என்று கேட்டார்கள். இன்று இளநிலைப் பட்டத்தின் கட்டாயப் பாடங்களில் பெரும்பாலானவற்றைப் பாஸ்கில் படிக்கலாம். ஒரே பாடத்துக்கு ஸ்பானியக் குழு, பாஸ்க் குழு, சிலவற்றுக்கு ஆங்கிலக் குழு என்று கால அட்டவணை பிரிந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கியபோது நமக்குள் எழுந்த கேள்விகள் (நூல் இருக்கிறதா, வேலை கிடைக்குமா, ஆசிரியர்கள் முன்வருவார்களா) அனைத்தும் இங்கே நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தவை. ஏழரைக் கோடிக்கு மேற்பட்டோர் பேசும் மொழிக்கும், பத்து லட்சம் பேர்கூடப் பேசாத மொழிக்கும் அதே கேள்விகள் எழுந்தன என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் பட்டம் வரை வந்த மொழி முதுநிலையில் மெலிந்து, முனைவர் பட்டத்தில் மிகச் சிறிய பங்காகச் சுருங்குகிறது. இதற்கான காரணங்களை மாணவர்களின் ஆர்வக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. ஸ்பெயினில் ஆறாண்டுக்கு ஒருமுறை ஆய்வுப் பணியை மதிப்பிட்டு ஊதியத்தோடு இணைக்கும் முறையில், பன்னாட்டுத் தரவரிசைகளில் இடம்பெற்ற இதழ்களில் வரும் கட்டுரைகளுக்கே நெடுங்காலமாகப் பெரும் எடை இருந்துவந்திருக்கிறது. 1989 முதல் பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகம் நடத்திவரும் எக்காயா என்ற பாஸ்க் அறிவியல் இதழில் எழுதினால் மன நிறைவு உண்டு, மதிப்பெண் அவ்வளவாக இல்லை. ஆய்வேட்டுக்கு வந்தால் நிலைமை இன்னும் இறுக்கமானது. 2011ஆம் ஆண்டின் அரசாணைப்படி, ஆய்வேட்டை மதிப்பிடும் குழுவில் பெரும்பான்மையோர் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். திண்மநிலை இயற்பியலின் ஒரு சிறு கிளையில், பாஸ்க் தெரிந்த, வெளிப் பல்கலைக்கழக வல்லுநரை எங்கே தேடுவது? பன்னாட்டு முனைவர் என்ற சிறப்புக் குறிப்பு வேண்டுமானால், ஆய்வேட்டின் ஒரு பகுதி, குறைந்தது சுருக்கமும் முடிவுரையுமாவது, ஸ்பெயினின் ஆட்சிமொழிகளில் எதிலும் இல்லாமல் வேறொரு மொழியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களைச் சேர்ந்த இரு வல்லுநர்கள் அதைப் படித்து அறிக்கை தர வேண்டும். குழுவில் ஒருவரேனும் வெளிநாட்டு நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும் மாணவருக்கு இவை வெறும் படிவங்கள். பாஸ்கில் எழுத விரும்பும் மாணவருக்கு ஒவ்வொன்றும் ஒரு தடை. இவ்வளவுக்கும் மேல், வழிகாட்டிகளில் ஒருவர் பாஸ்க் அறியாதவராக இருந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. அந்த இடத்தில்தான் நாம் வருகிறோம்.

நம்மை யாரோ தெரியாமல் அழைத்துவந்துவிடவில்லை. 2007இல் இக்கெர்பாஸ்க் அறக்கட்டளையை நிறுவி, உலகெங்குமிருந்து ஆய்வாளர்களை வரவழைப்பதைப் பாஸ்க் அரசே கொள்கையாக்கிக்கொண்டது. 1980களின் தொடக்கத்தில் கல்வி அமைச்சராக இருந்து இருமொழிப் பள்ளிக்கு வித்திட்ட இயற்பியலாளர் பெத்ரோ மிகேல் எச்செனிக்கேதான், பின்னாளில் தொனோஸ்தியாவில் பன்னாட்டு இயற்பியல் மையத்தையும் உருவாக்கினார். மொழியைக் காப்பதும் உலகத்துக்குக் கதவைத் திறப்பதும் ஒரே மனிதரின் இரு பணிகளாக இருக்க முடிந்திருக்கிறது. ஆகவே வெளிநாட்டவர் வராமல் இருப்பதே பாஸ்குக்கு நல்லது என்று சொல்லும் குரல்களை நான் ஏற்கவில்லை. வந்தவர்கள் எப்படி இருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

இங்கே ஒரு பழைய செய்தியையும் சொல்ல வேண்டும், அது நமக்கும் அவர்களுக்கும் நேரடியாக உரியது. கோட்டாற்றிலும் மணப்பாட்டிலும் இன்றும் மக்கள் நேர்ந்துகொள்ளும் சவேரியார், நவாராவில் பிறந்த பாஸ்க் மொழிக்காரர். முத்துக்குளித்துறை மீனவரிடையே பணியாற்றிவிட்டு 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில், அம்மக்களின் மொழி ஒன்று, தன் மொழி பாஸ்க், ஆகவே ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியவில்லை என்று அவர் பதிவு செய்திருக்கிறார். போர்த்துக்கீசியத்தைக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று அவர் பரதவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. இரு மொழியும் தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்து, வேண்டுதல்களைத் தமிழில் எழுதச் செய்து, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு ஊர் ஊராகப் போனார். சமயம் பரப்பும் நோக்கம் அவருக்கு இருந்தது, அதைப் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். நமக்கு அப்படியொரு அவசரம் இல்லைதான், ஆனால் கற்றுக்கொள்ளாமல் இருப்பதற்கு அது நல்ல காரணம் ஆகாது.

இனி நான் கேட்பது என்ன என்று சொல்கிறேன். பாஸ்கில் ஆய்வுக்கட்டுரை எழுதுங்கள் என்று கேட்கவில்லை. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்திருப்பவரிடம் அதைக் கேட்பது நியாயமும் இல்லை. வாடகைக்கும் மருத்துவமனைக்கும் முதலில் ஸ்பானியம்தான் வேண்டும், அதிலும் எனக்கு மறுப்பில்லை. நான் கேட்பது காதளவு பாஸ்க். அதாவது, நீங்கள் ஆங்கிலத்திலோ ஸ்பானியத்திலோ பதில் சொல்லலாம், ஆனால் மற்றவர்கள் பாஸ்கில் பேசுவதை நிறுத்த வேண்டிய தேவை இல்லாத அளவுக்குக் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். தன் துறையின் பேச்சைப் புரிந்துகொள்வது ஊர்ப் பேச்சைப் புரிந்துகொள்வதைவிட எளிது. பாதிச் சொற்கள் ஏற்கெனவே தெரிந்தவை, மீதிப் பாதி வெண்பலகையில் இருக்கின்றன. பெரியவர்களுக்குப் பாஸ்க் கற்றுத்தரும் எவுஸ்கால்தெகி என்ற பள்ளிகள் ஊருக்கு ஊர் உண்டு, மாலை வகுப்பும் உண்டு.

தமிழர்களாகிய நமக்கு இந்த மொழி ஐரோப்பாவின் பிற நாட்டவருக்கு இருப்பது போலத் திகைப்பூட்டுவதில்லை. வினை பெரும்பாலும் கடைசியில் வரும். உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும்: எச்சே என்றால் வீடு, எச்சேயன் என்றால் வீட்டில், எச்சேரா என்றால் வீட்டுக்கு. வகுப்பில் என்னருகே இருந்த ஜெர்மானியர் முன்னிடைச்சொல்லைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பெருமை, செய்பவனுக்குத் தனி உருபு சேர்க்கும் இலக்கணப் பாடம் வரும்வரைதான் நீடிக்கும் என்பதையும் எச்சரித்துவிடுகிறேன்.

உங்கள் காதளவு பாஸ்க் தயாராகும் வரையில், கூட்டத்தில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள்: "எனக்காக மாற்ற வேண்டாம், பாஸ்கிலேயே தொடருங்கள், புரியாததைப் பின்னால் கேட்டுக்கொள்கிறேன்." முதல் தடவை யாரும் நம்பமாட்டார்கள், மாற்றியே பேசுவார்கள். மூன்றாவது, நான்காவது தடவை நம்புவார்கள். மொழிபெயர்ப்புக்குப் பாஸ்க் அரசின் இட்சுலியும் எல்ஹுயாரின் எலியாவும் இருக்கின்றன; தொனோஸ்தியாவில் இயங்கும் இட்ஸ் மையம் பாஸ்குக்காகவே லாட்சா என்ற செயற்கை நுண்ணறிவுப் பெரிய மொழி மாதிரியை உருவாக்கி வெளியிட்டிருக்கிறது. ஸ்லைடுகளைப் பாஸ்கில் போடச் சொல்லிவிட்டு, கைப்பேசியில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு நாம் பின்தொடர்வது இன்று சிரமமே இல்லை. கருவி இருக்கிறதே, இனி எதற்குக் கற்க வேண்டும் என்று கேட்டுவிடாதீர்கள். கூட்டத்தில் குறுக்கே விழும் கேள்விக்கும் காபி இடைவேளைச் சிரிப்புக்கும் எந்தக் கருவியும் ஈடுகொடுக்காது.

உங்களில் சிலர் இங்கேயே நிலைத்து, மாணவர்களுக்கு இணை வழிகாட்டிகள் ஆவீர்கள். ஒரு மாணவர் பாஸ்கில் ஆய்வேடு எழுத விரும்புகிறேன் என்று சொன்னால், எனக்குப் புரியாதே என்று சொல்லிவிடாதீர்கள். அவர் உங்களிடம் அனுமதி கேட்பதே பெரிய துணிச்சல். வெளிவந்த கட்டுரைகளைத் தொகுத்து ஆய்வேடாகத் தரும் முறையில் கட்டுரைகள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், அவற்றை இணைக்கும் நீண்ட முன்னுரையைப் பாஸ்கில் எழுதச் சொல்லுங்கள். துறையின் முழு நிலவரத்தையும் சொந்தச் சொற்களில் சொல்லும் பகுதி அது. அடுத்து வரும் பட்ட மாணவர் தன் மொழியில் படிக்கக்கூடிய பகுதியும் அதுதான். அவரை இக்கெர்காஸ்தே மாநாட்டுக்கு அனுப்புங்கள், முடிந்தால் நீங்களும் போங்கள். 2015இல் துராங்கோவில் தொடங்கி, பாம்ப்லோனா, பயோன் என்று எல்லையின் இரு பக்கமும் சுற்றிவரும் அந்த மாநாட்டில், மரபணுவியல் முதல் சட்டம் வரை இளம் ஆய்வாளர்கள் பாஸ்கில் கட்டுரை வாசிக்கிறார்கள். 1973இல் கோடையில் கூடியவர்களின் அமைப்புதான் இன்றும் அதை நடத்துகிறது.

இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் பெரும்பாலோர் வேறு நாட்டுக்குப் போய்விடுவீர்கள். சிலர் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்புவீர்கள். அப்போது ஒரு நாள், நீங்கள் வேலை செய்த துறையில் எழுதப்பட்ட பாஸ்க் ஆய்வேடு ஒன்றைப் படித்து அறிக்கை தர இயலுமா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் வரக்கூடும். வெளிநாட்டு நிறுவனம், துறை வல்லுநர், பாஸ்கைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர் என்ற மூன்றும் ஒருசேரப் பொருந்தும் ஆட்கள் உலகில் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும்படி இங்கிருந்து கிளம்புங்கள். மின்னஞ்சல் வந்தால் மறுக்காதீர்கள். அறிக்கையை நீங்கள் ஆங்கிலத்திலேயே எழுதி அனுப்பலாம்.

அன்புடன்,
பாஸ்க் நாட்டில் ஆய்வுப் பணியிலிருக்கும் தமிழர் ஒருவர்